பந்தயக் காருக்கு ஏன் இத்தனை சட்டம்?

 

இரண்டாம் உலக யுத்த காலத்தில் எங்கள் சீனக்குடாவில் பிரித்தானியக் கடற்படைக்கு விமானத் தளம் இருந்தது. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவிலும் அதே கடற்படைக்கு ஒரு தளம். சீனக்குடாவில் இன்று விமானப்படை அகடமி இருக்கிறது. கட்டுக்குருந்த ஓடுபாதையில் பிற்காலத்தில் கார்ப் பந்தயம் ஓடியது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், சென்னைக்குப் பக்கத்துச் சோழவரம் எல்லாமே யுத்தம் விட்டுப்போன ஓடுபாதைகள்தான்.

அங்கே ஓடியவர்களில் பலர் சொந்தச் செலவில் வந்த சாதாரண ஆட்கள். பெரிய இன்ஜினோடு சின்ன இன்ஜின் மோதினால் முடிவு முன்பே தெரியும். அதனால் சி.சி. கணக்கில் பிரித்தார்கள். அதுவும் போதவில்லை. ஒரே சி.சி.யிலும் காசை இறைத்தவனே வென்றான்.

இங்கிலாந்தில் 750 மோட்டார் கழகம் இதற்கு வழி கண்டது. மலிவாகக் கிடைத்த பழைய ஓஸ்டின் செவன் காரை வைத்தே ஓட வேண்டும் என்றது. அதன் இன்ஜினில் 4 சிலிண்டர்களுக்கு 2 உள்ளிழுக்கும் துவாரங்கள்தான். 1951இல் கொலின் சப்மன் என்ற இளைஞர் நடுவில் தடுப்பு வைத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி கிடைத்தது போலாக்கினார். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. மற்றவர்களால் அவரைப் பிடிக்க முடியவில்லை. பிறகு அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. அவர்தான் லோட்டஸ் கம்பனியைத் தொடங்கியவர்.

எமது நாட்டுப் போட்டிகளில் மினி செவன், போர்ட் லேசர்-மஸ்டா 1300 என்று தனிப் பிரிவுகள் வைத்ததும் இதே நியாயத்தில்தான். கையில் கொஞ்சம் காசு உள்ளவனும் ஓட வேண்டும்.

ஆனால் உயிரைக் காக்கும் சட்டங்கள் பல, உயிர் போன பிறகே வந்தன. 1955இல் பிரான்சின் லு மான் பந்தயத்தில் கார் ஒன்று சனத்துக்குள் பாய்ந்து 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் சுவிட்சர்லாந்து வட்டப்பாதைப் பந்தயத்தையே தடை செய்தது. 2024 ஏப்ரல் 21இல் எமது தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் பாதை விலகிய கார் 7 உயிர்களைப் பறித்தது.

வேலி, தலைக்கவசம், பரிசோதகர், அம்பியூலன்ஸ் எல்லாம் உள்ள இடத்திலேயே இந்த நிலை. இவை எதுவுமில்லாத எங்கள் வீதிகளில் இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டம் காட்டும் தம்பிமாரே, யோசியுங்கள். எதிரே வருபவர் உங்கள் போட்டியில் பெயர் கொடுத்தவர் அல்ல.

பெற்றோரே, சாவியைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.