கிட்டாபு, விட்டாபு

கனடாவில் ஒரு ப்ராஜெக்டுக்காக இரண்டு வருடம் இருந்தபோது, பக்கத்து மேசையில் ஒரு தான்சானியாக்காரர் வேலை பார்த்தார். தார் எஸ் சலாம் ஊர், ஸ்வாஹிலி வீட்டு மொழி. அவர் மனைவி ருவாண்டாக்காரர், கின்யருவாண்டா பேசுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு பிள்ளைகள் பக்கம் திரும்பியது. "நாங்க பேசுறது அவளுக்குப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷ்லதான் வரும்" என்றார் அந்த அம்மா, ஏழு வயது மகளைக் காட்டி. டொராண்டோவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் இதே வசனம்தான்.

எனக்கு வேறு ஒரு சந்தேகம். அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி. இரண்டும் பாண்டு மொழிகள். இவை ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்குமா, இல்லை குழப்புமா? அன்று ஆரம்பித்த வாசிப்புதான் இந்தக் குறிப்பு.

பாண்டு மொழிகள் ஐந்நூறுக்குப் பக்கம் இருக்கின்றன. எது மொழி, எது வட்டார வழக்கு என்று பிரிப்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். கேமரூனில் தொடங்கி கென்யா வழியாகத் தென்னாப்பிரிக்கா வரை பரவியவை. 'மனிதன்' என்ற சொல்லை மட்டும் பாருங்கள். ஸ்வாஹிலியில் ம்-டு, பன்மை வா-டு. ஜூலுவில் உமு-ண்டு, அபா-ண்டு. லிங்காலாவில் மோ-டோ, பா-டோ. வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானியர் இந்தப் பன்மைச் சொல்லை எடுத்துத்தான் குடும்பத்துக்கே 'பாண்டு' என்று பெயர் வைத்தார். அவருடைய ஒப்பிலக்கணத்தின் முதல் பகுதி 1862ல் வந்தது. நம்மூர் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856. ஏறக்குறைய ஒரே காலத்து ஆட்கள்.

நாலு சொல் காதுக்கு ஒரே மாதிரி கேட்டால் உறவு என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கணக்கில் உலகத்தில் எந்த மொழியையும் தமிழோடு முடிச்சுப் போடலாம். போட்டும் இருக்கிறார்கள்! மாற்றம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஸ்வாஹிலியில் மூன்று 'டாட்டு', ட்ஸ்வானாவில் 'ராரோ'. அனுப்பு என்பது அங்கே 'டூமா', இங்கே 'ரோமா'. வினையோடு ஒட்டும் 'நாம்' அங்கே 'டு', இங்கே 'ரே'. யாரோ ஒருவர் ஃபைல் முழுக்க 'ட'வைத் தேடி 'ர' என்று ரிப்ளேஸ் கொடுத்த மாதிரி. விதிவிலக்குகள் உண்டு. அவற்றுக்கும் பெரும்பாலும் வேறு விதிகள் இருக்கின்றன.

நண்பர் சொன்ன ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் விட என்னைப் பிடித்துக்கொண்டது. 'நான் உன்னை நேசிக்கிறேன்' என்பது ஸ்வாஹிலியில் நி-ந-கு-பெண்டா. நி என்றால் நான், ந நிகழ்காலம், கு உன்னை, பெண்டா நேசி. ஜூலுவில் ங்கி-யா-கு-டாண்டா. ஜிம்பாப்வேயின் ஷோனாவில் ண்டி-நோ-கு-டா. அவர் மனைவியின் மொழியில் ண்-டா-கு-குண்டா. நேசி என்ற சொல் நான்கிலும் வேறு வேறு. ஆனால் சட்டகம் ஒன்று: நான், காலம், உன்னை, வினை, அதே வரிசையில். இந்த மொழிகளைப் பேசியவர்கள் பிரிந்து ஆயிரக்கணக்கான வருடம் ஆகிவிட்டது. சொற்கள் மாறியும் சட்டகம் அப்படியே நிற்கிறது.

ஒரு சின்ன விஷயம். கின்யருவாண்டா 'கு'வை நான் தப்பாக எழுதியிருக்கிறேன், தமிழில் சரியாக எழுத வழியும் இல்லை. அது 'குடம்' என்பதில் வரும் கு இல்லை, 'அகு' என்று சொல்லும்போது குழைகிற கு. அடுத்த அசையில் இன்னொரு வல்லோசை வந்தால் முந்தைய 'க' இப்படிக் குழையும். எட்மண்ட் டால் என்ற மிஷனரியின் பெயரால் இதற்கு டால் விதி என்று பெயர். கென்யாவின் கிக்கூயு மக்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைக் குழைத்துச் சொல்வதும் இதனால்தான்.

அடுத்தது திணை. நமக்கு உயர்திணை, அஃறிணை என்று இரண்டு. ஸ்வாஹிலியில் பதினைந்துக்குப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முன்னொட்டு, ப்ரோக்ராமில் டேட்டா டைப் அறிவிப்பது போல. முகாண்டா ஒருவர், பகாண்டா பலர், புகாண்டா நாடு, லுகாண்டா மொழி. பெயரடையும் வினையும்கூட அந்த முன்னொட்டைச் சுமக்க வேண்டும். பெரிய புத்தகம் விழுந்துவிட்டது: கிட்டாபு கி-குப்வா கி-மே-ஆங்குகா. பல புத்தகங்கள் என்றால் மூன்று இடத்திலும் 'கி' போய் 'வி' வரும்: விட்டாபு வி-குப்வா வி-மே-ஆங்குகா.

இதில் வேடிக்கை என்னவென்றால், கிட்டாபு அரபியிலிருந்து வந்த 'கிதாப்'. அங்கே 'கி' முன்னொட்டே கிடையாது, வேரின் பகுதி. ஸ்வாஹிலி பேசியவர்கள் அதைத் தங்கள் 'கி' என்று எடுத்துக்கொண்டு பன்மைக்கு 'விட்டாபு' ஆக்கிவிட்டார்கள். கின்யருவாண்டாவிலும் இகிடாபோ, இபிடாபோ. பிரிட்டிஷ்காரன் ரவுண்டானாவில் 'கீப் லெஃப்ட்' என்று பலகை வைத்தான். ரவுண்டானாவுக்கே 'கிபிலெஃப்டி' என்று பெயராகி, இரண்டு இருந்தால் 'விபிலெஃப்டி' ஆகிவிட்டது. கேட்டதும் சிரித்தேன். ஆனால் ஒரு இலக்கணம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கடல் தாண்டிப் போன இடங்களில் என்ன ஆனது என்பது சோகமான கதை. அடிமைகளாக பிரேசில் போனவர்களின் கிம்புண்டு மொழியிலிருந்து அந்த ஊர் போர்ச்சுகீசியத்தில் தங்கிய சொற்களில் ஒன்று 'கசூலா', வீட்டின் கடைக்குட்டி. குஜராத்தின் சித்தி மக்களிடம் 'கோமா' என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. ஸ்வாஹிலியில் 'ங்கோமா' என்றால் முரசு. பேசுவதோ குஜராத்தி. இலங்கையில் புத்தளம் பக்கத்து ஆப்பிரிக்க வம்சாவளியினர் தாய்மொழியை விட்டு போர்ச்சுகீசியக் கிரியோலுக்கு மாறினார்கள், இன்று அதுவும் முதியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

சிகுவா மக்களிடம் மட்டும் இது வேறு மாதிரி நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியக் கரையிலிருந்து அடிமைகளாக சோமாலியாவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். அங்கிருந்து தப்பி ஜூபா ஆற்றங்கரைக் காடுகளில் ஊர் அமைத்துக்கொண்டார்கள். வனங்குச்சா என்ற பெண் வழிநடத்தினாள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அதே ஆற்றங்கரைக்கு வந்த யாவோ, மகுவா மக்களின் வாரிசுகள் சோமாலி வழக்குகளுக்கு மாறிவிட்டார்கள். சிகுவா மட்டும் சுற்றிலும் சம்பந்தமே இல்லாத மொழி இருந்தும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கைமாறியிருக்கிறது. காரணம் மொழிப்பற்று என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கூட்டமாக வந்தார்கள், கூட்டமாகத் தப்பினார்கள், ஒரே ஊரில் குடியேறினார்கள். அந்தக் குழந்தைக்குத் தெருவில் விளையாடவும் சிகுவா தேவைப்பட்டது.

1991ல் சோமாலியா சிதறியது. பலர் கென்யா முகாம்களுக்கு ஓடினார்கள். தான்சானியாவுக்குத் திரும்பிய சிலருக்கு, தாத்தாக்களின் ஊர்ப் பக்கமே பேச்சு விளங்கியது, குடியுரிமையும் கிடைத்தது. 2003 முதல் 'சோமாலி பாண்டு' என்ற பெயரில் சுமார் 12,000 பேரை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அவர்களிலும் சிகுவாக்காரர்கள் உண்டு. பல மாநிலங்களில் பல நகரங்களில் குடிவைத்தார்கள். இந்த முறை ஊர் கூடவே போகவில்லை.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் நண்பர் வீட்டுக்கு விடைபெறப் போயிருந்தேன். என் பழைய கீபோர்டு ஒன்றை அவர் மகளுக்குக் கொடுத்தேன். ஸ்வாஹிலியில் அதைக் 'கிபோடி' என்பார்கள். ஏற்கெனவே இருந்த கீபோர்டுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தவள், அம்மாவைக் கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ வேகமாகச் சொன்னாள். நடுவில் ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது.

"விபோடி."

நண்பர் என்னைப் பார்த்தார். அதற்குள் அவள் மறுபடி டிவி பக்கம் போய்விட்டாள்.