சரோஜினியாக நடித்த ரோசி: ஒரு மௌனப்படமும் திருவிதாங்கூரின் உடை வழக்கும்

மலையாளத் திரையின் முதல் கதாநாயகி எனக் குறிக்கப்படும் பி. கே. ரோசி நடித்தது ஒரே ஒரு படத்தில்தான். அதன் பிரதியும் இன்று எஞ்சவில்லை. அப்படம் திரையிடப்பட்ட நாளில் அவருக்கு நேர்ந்ததை விளங்கிக்கொள்ள, சினிமா வரலாற்றைக் காட்டிலும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பெண்களின் மேலாடையைப் பற்றி நெடுங்காலம் நடந்த வழக்கின் வரலாறே கூடுதலாகத் துணைசெய்கிறது.

‘விகதகுமாரன்’ என்னும் அந்த மௌனப்படத்தைத் தயாரித்து, இயக்கி, கதாநாயகனாகவும் நடித்தவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல். நாடார் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, களரிப்பயிற்றுக் கலையில் தேர்ச்சி பெற்றிருந்த அவர், தம் நிலங்களை விற்றுத் திருவனந்தபுரத்தில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். மௌனப்படம் என்பது ஒலிப்பதிவு இல்லாமல், காட்சிகளின் இடையே எழுத்து அட்டைகளைக் காட்டிக் கதையை நகர்த்துவது. குடும்பப் பெண்கள் கேமரா முன் நிற்பது இழுக்காகக் கருதப்பட்டமையால், பம்பாயிலும் கல்கத்தாவிலும் சுலோசனா என்ற பெயரில் நடித்த ரூபி மையர்ஸ், பேஷன்ஸ் கூப்பர் போன்ற யூத, ஆங்கிலோ-இந்தியப் பெண்களே நாயகியராக விளங்கினர். டேனியலும் முதலில் பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைக்க முயன்று, அது கைகூடாத நிலையிலேயே ரோசியைத் தேர்ந்தெடுத்தார்.

ராஜம்மா என்னும் இயற்பெயர் கொண்ட ரோசி, திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட புலையர் சமூகத்தில் பிறந்து, கூலி வேலை செய்துகொண்டே காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். சிவனும் பார்வதியும் குறவன் குறத்தியாக ஊர்சுற்றும் கதையைத் தமிழும் மலையாளமும் கலந்த பாட்டாலும் பேச்சாலும் நிகழ்த்தும் அக்கூத்தில் பெண் வேடங்களையும் ஆண்களே கட்டிவந்தனர் என்பதால், அவர் மேடையேறியதே துணிவான செயல்தான்.

படத்தில் அவர் ஏற்ற வேடம் சரோஜினி என்னும் உயர்சாதி நாயர் பெண். 1859இல் திருவிதாங்கூர் அரசு, மேலாடை உரிமைக்காக எழுந்த தோள்சீலைக் கலகத்தின் விளைவாக, நாடார் பெண்கள் மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்று அறிவித்திருந்தது. புலையப் பெண்களோ, தங்கள் சாதிக்குறியாகக் கழுத்தில் சுமந்த கல்மாலைகளை அறுத்தெறிய 1915 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பேச்சு கேட்காத திரையில் ஒருவரின் சாதியைக் காட்டுவது உடையும் அணியும் நடையுமே என்னும்போது, ரோசி உடுத்திய நாயர் உடையை, அந்த அறிவிப்பு காக்க முயன்ற எல்லையை மீறியதாகவே உயர்சாதிப் பார்வையாளர் கண்டனர்.

1928 நவம்பர் 7 என்று பரவலாகவும், 1930 அக்டோபர் 23 என்று வேறு சில ஆய்வுகளிலும் குறிக்கப்படும் நாளில், திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் படம் வெளியானது. ரோசியும் அவையில் இருப்பதை மேல்சாதி விருந்தினர் ஏற்காததால் அவர் முதற்காட்சிக்கு வரவே இயலவில்லை. நாயகன் அவர் கூந்தலில் சூடிய பூவை முத்தமிடும் காட்சியில் திரைமீது கற்கள் பறந்தன. அவருடைய குடிசையும் கொளுத்தப்பட்டது. லாரி ஒன்றில் தப்பிய அவர், நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் குடும்பம் நடத்தி, நடிப்பைப் பற்றிப் பேசாமலேயே வாழ்ந்து மறைந்தார்.

இப்படத்தின் தோல்வியை டேனியலின் பொருளிழப்பாகவே பலரும் எழுதிவந்தனர். அவர் இழந்தது மெய்தான், ஆனால் பெயரையும் ஊரையும் தொழிலையும் ஒருசேர இழந்தவர் ரோசியே. டேனியலின் பெயரால் கேரள அரசு 1992 முதல் விருது வழங்கிவர, ரோசியின் பெயரில் திரைப்படச் சங்கம் ஒன்றைக் கேரளத் திரைப்படப் பெண்கள் கூட்டமைப்பு 2019இல்தான் தொடங்கியது.