நம்பிக்கை முறியும் இடம்: இத்தாலியச் சிவப்புப் படையணியை விட்டு விலகியோர்

ஆயுதமேந்திய இயக்கத்தை ஒருவர் ஏன் விட்டு விலகுகிறார் என்று கேட்டால், அவருடைய கொள்கை மாறிவிட்டது என்பதே பலரும் சொல்லும் விடை. மூளையில் ஏறிய நஞ்சை இறக்கிவிட்டால் ஆள் திருந்திவிடுவார் என்ற எண்ணத்தில்தான் மறுவாழ்வுத் திட்டங்கள் பலவும் வகுக்கப்படுகின்றன. சான்றுகள் வேறொரு வரிசையைக் காட்டுகின்றன. முதலில் முறிவது கொள்கையன்று, இயக்கத்தின் மீதும் தோழர்கள் மீதும் வைத்த நம்பிக்கை. கொள்கை பல சமயம் ஆண்டுகள் கழிந்தே தளர்கிறது. மேரி பெத் ஆல்டியர், ஜான் ஹோர்கன் முதலியோர் 87 தன்வரலாற்றுப் பதிவுகளை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. விலகியோர் கொள்கை மாற்றத்தைவிட இயக்கத்தின் உத்திகளால் வந்த ஏமாற்றம், தலைமையுடன் பிணக்கு, உள்ளச் சோர்வு ஆகியவற்றையே அதிகம் குறிப்பிட்டார்கள். இந்த வரிசை ஏன் முக்கியம் என்பதை இத்தாலியின் சிவப்புப் படையணி வரலாறு தெளிவாக்குகிறது.

1970-ல் உருவான இடதுசாரி ஆயுதக் குழுவான அப்படையணி, 1978 மார்ச் 16 அன்று முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவை ரோம் நகரில் கடத்தியது. அந்தத் தாக்குதலில் அவருடைய காவலர்கள் ஐவர் கொல்லப்பட்டனர். 55 நாள் சிறைவைத்த பிறகு மோரோவும் கொல்லப்பட்டார். அரசையே மண்டியிட வைத்ததாக இயக்கம் மார்தட்டிய நேரம் அது. ஆனால் உள்ளே விரிசல் விழுந்ததும் அப்போதுதான். கடத்தலில் பங்கேற்ற வலேரியோ மொருச்சியும் ஆத்ரியானா ஃபராந்தாவும் மோரோவைக் கொல்லக் கூடாது என்று வாதிட்டுத் தோற்றார்கள். 1979 தொடக்கத்தில் இயக்கத்தை விட்டு வெளியேறினார்கள். வெளியேறும்போது ஆயுதங்களையும் எடுத்துச் சென்றார்கள். அவ்வாண்டு மே மாதம் அவர்கள் பிடிபட்ட ரோம் வீட்டில், மோரோவைச் சுட்ட ஸ்கார்ப்பியன் துப்பாக்கியும் கிடைத்தது. இயக்கத்தை உதறிய அன்று ஆயுதப் போராட்டத்தின் மீது அவர்களுக்கு இருந்த நம்பிக்கை போய்விடவில்லை. வன்முறையே தவறு என்ற முடிவுக்கு அவர்கள் வந்தது சிறைக்குள், பின்னாளில்தான்.

நம்பிக்கை முறிவு தலைமைப் பிணக்கோடு நின்றுவிடவில்லை. 1979 ஜனவரி 24 அதிகாலையில், ஜெனோவா எஃகு ஆலைத் தொழிலாளி குய்தோ ரோஸ்ஸா வேலைக்குப் புறப்பட்டபோது தம் காருக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், தொழிற்சங்கப் பிரதிநிதி. ஆலைக்குள் படையணியின் துண்டறிக்கைகளைப் பரப்பியவரைக் காட்டிக் கொடுத்தார் என்பதே அவர் செய்த குற்றம். அவருடைய இறுதி ஊர்வலத்தில் தொழிலாளர்கள் கடலெனத் திரண்டார்கள். யாருக்காகப் போராடுகிறோம் என்று படையணி சொல்லிவந்ததோ, அந்த வர்க்கமே அதை வெளிப்படையாகக் கைவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பிடிபட்டு வாக்குமூலம் தந்த பத்ரிசியோ பெச்சியைப் பழிவாங்க, அவருடைய தம்பி ரொபெர்த்தோவைப் படையணி கடத்திக் கொன்றது. தோழமைக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்தவர்களுக்கு, இயக்கம் தன் சொந்த அறத்தையே மீறுவதைப் பார்ப்பது எதிரியின் எந்தப் பிரசாரத்தையும்விட வலுவான வாதமாக இருந்தது.

சிறைக்குப் பயந்துதான் விலகியோர் மாறினார்கள் என்று மறுப்போர் உண்டு. 1980-க்குப் பிறகு கைதுகளும் தண்டனைக் குறைப்புச் சட்டங்களும் சேர்ந்தே வாக்குமூலங்களைப் பெருக்கின என்பது உண்மைதான். ஆனால் சிறை மட்டுமே காரணமென்றால், அதை அதிகம் அனுபவித்தவர் முதலில் மாறியிருக்க வேண்டும். படையணியை நிறுவியவர்களுள் ஒருவரான ரெனாத்தோ குர்ச்சியோ 1976 முதல் சிறையில் இருந்தும், சலுகைக்காக ஒருபோதும் மனந்திருந்தியவராகத் தம்மை அறிவித்துக்கொள்ளவில்லை. மொருச்சியும் ஃபராந்தாவும் பிடிபடுவதற்கு முன்பே விலகியவர்கள். சிறை செய்தது வேறு வேலை. தலைமறைவு வாழ்வில் வீடு, போலி அடையாள அட்டை, மாதப் படி, நட்பு எல்லாமே இயக்கத்தின் கையில் இருந்தன. ஐயம் எழுந்தாலும் போக இடமில்லை. அந்தச் சார்பு அறுபட்டதும் முன்பே விழுந்த விரிசல் வெளியே தெரிந்தது.

போக இடம் கொடுத்ததில் 1987-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தான் செய்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், நடத்தையில் இயக்கத் தொடர்பை அறுத்திருக்க வேண்டும், வன்முறையை அரசியல் வழிமுறையாக ஏற்க மறுக்க வேண்டும் என்று மட்டுமே அது கேட்டது. பிறரைக் காட்டிக் கொடுக்கச் சொல்லவில்லை. அதை ஏற்றவர்களின் ஆயுள் தண்டனை 30 ஆண்டுச் சிறையாகக் குறைந்தது. இது பலியானோருக்கு அநீதி அல்லவா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பத்திரிகையாளர் வால்தெர் தொபாஜியை 1980-ல் வேறொரு குழு கொன்றது. அதில் பங்கேற்ற மார்க்கோ பார்போனே வாக்குமூலம் தந்ததால் 1983-ல் தீர்ப்பு வந்ததுமே வெளியே வந்தது தொபாஜியின் குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமை. ஆனால் அந்தக் குறை, தகவலை விலைபேசிய முந்தைய முறைக்கு உரியது. அதிகம் தெரிந்தவருக்கு, அதாவது அதிகம் கொன்றவருக்கு, அது அதிகச் சலுகை தந்தது. தண்டனையை ரத்து செய்யாமலே விலகலை மதித்த 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த முரணைத் தவிர்த்தது.

படையணியின் பெயரில், அரசின் தொழிலாளர் சட்ட ஆலோசகர்களான மாசிமோ தாந்தோனா 1999-லும் மார்க்கோ பியாஜி 2002-லும் கொல்லப்பட்டார்கள் என்பதால் இந்த வழியே தோற்றுவிட்டது என்று சொல்ல முடியாது. அந்தக் கொலைகளைச் செய்தது சிறிய, பிற்காலக் குழு. அதற்குத் தொழிலாளர் ஆதரவும் இல்லை. கொள்கையை முதலில் துறந்து வா என்று வாசலில் நிபந்தனை வைக்கும் அரசு, வெளியே வரத் தயாரானவரையும் உள்ளேயே நிறுத்திவிடும். வன்முறையை விடச் சொல்லி, செய்ததற்குப் பொறுப்பேற்க வைத்து, எண்ணம் மாறக் காலம் கொடுப்பதே நீதிக்கும் பொது அமைதிக்கும் உகந்த வழி.