பாதியை ஏற்பதா, முழுமைக்காக நிற்பதா? புல்மோட்டையிலிருந்து 13ஆவது திருத்தம்

கொக்கிளாய்க் களப்பின் வடகரை வட மாகாணம். தென்கரையில் இருக்கும் புல்மோட்டை கிழக்கு மாகாணம். 1988இல் இணைக்கப்பட்ட இரு மாகாணங்களையும் 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் பிரித்தபோது கோடு விழுந்த இடங்களில் இதுவும் ஒன்று. 13ஆவது திருத்தம் பற்றிய விவாதம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும்தான் நடக்கிறது. அதை இந்தக் கரையில் நின்று பார்க்க நான் விரும்புகிறேன். துப்பாக்கி, காணி, பொலிஸ் என அந்தச் சட்டத்தின் சிக்கலான மூன்றும் இங்கே ஒன்றாக இருக்கின்றன.

துப்பாக்கியிலிருந்து தொடங்கலாம். 1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தம், 48 மணி நேரத்தில் போர் நிறுத்தம், அதிலிருந்து 72 மணி நேரத்தில் இயக்கங்களின் ஆயுதக் கையளிப்பு என்றது. ஓகஸ்ட் 5இல் பலாலியில் புலிகளின் கையளிப்பு அடையாளமாகத் தொடங்கியது, நிறைவேறவில்லை. ஒக்டோபர் 10இல் இந்தியப் படையுடன் போர் மூண்டது. இந்தப் பாதிக் கதை எல்லோருக்கும் தெரியும்.

மறுபாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. வடக்கு கிழக்கில் ஊர்காவல் படை கலைக்கப்பட்டு, துணைப்படையினர் மீளப்பெறப்படுவர் என்றும் அதே ஒப்பந்தத்தின் இணைப்பு சொன்னது. நியாயமான மாகாண சபைத் தேர்தலுக்கான சூழலை உருவாக்குவதே அதன் நோக்கம். ஊர்காவல் படை கலைக்கப்படவில்லை. அது 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக உருமாறியது. 1984இல் தமிழர்கள் விரட்டப்பட்ட மணலாறு வெலிஓயாவாகி, புல்மோட்டைக்குப் பின்புறமாக ஆயுதம் தரித்த குடியேற்றங்களின் வலயமாயிற்று. ஒரு தரப்பிடம் மட்டும் துப்பாக்கியைக் கேட்கும் உடன்பாட்டை மக்கள் எப்படி நம்புவார்கள்?

1987 ஒக்டோபர் 28இல் சிவசிதம்பரம், அமிர்தலிங்கம், சம்பந்தன் மூவரும் ராஜீவ் காந்திக்குக் கடிதம் எழுதி, சட்டமூலங்கள் போதாதவை என்றார்கள். நவம்பரில் அவை சட்டமாயின. சட்டத்தை வாசித்தால் அவர்களின் கணிப்பு சரியென்றே நான் சொல்வேன். பின்னிணைப்பு 1 மாகாணத்துக்குப் பொலிஸ் பிரிவு ஒன்றைத் தருகிறது. ஆனால் அதற்கு எவ்வகைத் துப்பாக்கி, எத்தனை என்பதை மாகாண ஆணைக்குழுவைக் கலந்தாலோசித்துத் தேசியப் பொலிஸ் ஆணைக்குழுவே தீர்மானிக்கும். பின்னிணைப்பு 2 தேசியக் காணி ஆணைக்குழுவை அமைக்கச் சொல்கிறது. அது இன்றுவரை அமைக்கப்படவில்லை. 2013 செப்டெம்பரில் அரச காணியின் அதிகாரம் மத்திக்கே என்று உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. புல்மோட்டையின் இல்மனைட் மணலும் மத்திய அரசின் நிறுவனத்தின் கையில்தான்.

ஆனாலும் மறுத்தவர்கள் விட்டுச்சென்ற இடம் வெறுமையாக இருக்கவில்லை. 1988 நவம்பர் தேர்தலில் கூட்டணி நிற்கவில்லை. ஈ.பி.ஆர்.எல்.எவ். சபையை அமைத்தது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் 71 ஆசனங்களில் 17ஐப் பெற்றது. தமிழர் தரப்பில் ஒரு பகுதி 'இது போதாது' என்று வெளியே நிற்க, அதே போதாமையைத் தெரிந்துகொண்டே முஸ்லிம்கள் உள்ளே போனார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் புல்மோட்டையைப் பற்றி எழுதும்போது இதைத் தவிர்க்க முடியாது. 2008 கிழக்குத் தேர்தலைப் புறக்கணித்த கூட்டமைப்பு 2012இல் போட்டியிட்டு 11 ஆசனங்களைப் பெற்றது. முஸ்லிம் காங்கிரசுக்கு 7. அப்போது அவர்கள் சேரவில்லை. 2015இல் சேர்ந்தார்கள். முதலமைச்சர் நஸீர் அஹமட்டின் அமைச்சரவையில் தமிழர்களும் இருந்தார்கள். அந்தச் சபையால் ஒரு காணித் துண்டையும் மீட்டெடுக்க முடியவில்லை என்பவர்களோடு நான் வாதிடமாட்டேன். ஆனால் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது.

2020 ஜூனில் பாதுகாப்புச் செயலாளர் தலைமையில் கிழக்குக்கான தொல்லியல் செயலணி அமைக்கப்பட்டபோது, ஆரம்பத்தில் அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. தீர்மானம் நிறைவேற்றி எதிர்ப்பைப் பதிவு செய்யக் கிழக்கில் மாகாண சபையும் இருக்கவில்லை. அதன் காலம் 2017 செப்டெம்பரிலேயே முடிந்துவிட்டது.

13ஐத் தொடக்கமாகக்கூட ஏற்கக் கூடாது என்பது கஜேந்திரகுமார் பொன்னம்பலம் தரப்பின் நிலை. ஒற்றையாட்சிக்குள் எழுதப்பட்டதை ஏற்றால் அதுவே முடிவாகிவிடும் என்கிறார்கள். இந்த அச்சத்துக்கு மேலே சொன்ன தீர்ப்பே சான்று. ஆனால் அவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். முழுத் தீர்வு வரும்வரை வெலிஓயாவின் எல்லை காத்திருக்குமா?

படிப்படியாகப் போகலாம் என்பவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றிய சட்டத்துக்குக் கூட்டமைப்பும் கை உயர்த்தியது. அதன்படி தயாரித்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது ஆதரவாக ஒரு வாக்கும் விழவில்லை. சமர்ப்பித்த அமைச்சரும் எதிர்த்தே வாக்களித்தார். பழைய முறைக்குத் திரும்ப ஒரு சிறு திருத்தம் போதும். அதற்கான தனிநபர் பிரேரணையைச் சுமந்திரன் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.