துண்டு விழுந்த முதல் ஆண்டு

விழா மலர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வென்ற அணியின் படம் முகப்பில் பளபளக்கும்; வரவு செலவுக் கணக்கு கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒதுங்கிக் கிடக்கும். அமெரிக்கக் கல்லூரி ஆடவர் கூடைப்பந்து சாம்பியன் போட்டியின் வரலாற்றை எழுதுவோர் அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்ட வேண்டும். 1939இல் முதல் போட்டி முடிந்து கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது 2,531 டாலர் துண்டு விழுந்திருந்தது.

போட்டிக்கு வித்திட்டவர் ஹெரால்ட் ஓல்சன். ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். 1938இல் நியூயார்க்கின் விளையாட்டு நிருபர்கள் சேர்ந்து மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஓர் அழைப்புப் போட்டி நடத்தினார்கள். டெம்பிள் பல்கலைக்கழகம் கொலராடோவை 60-36 என்று வென்றது; கூட்டமும் திரண்டது. நாட்டின் சிறந்த கல்லூரி அணி எது என்பதை ஒரே நகரத்தின் நிருபர்களா முடிவு செய்வது என்ற கேள்வி பயிற்சியாளர்களிடையே எழுந்தது. நாடு முழுவதற்குமான போட்டி ஒன்றைப் பயிற்சியாளர்களே நடத்தலாம் என்றார் ஓல்சன். கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒப்புதல் தந்தது. ஆனால் பணப் பொறுப்பு முழுவதும் பயிற்சியாளர் சங்கத்தின் தலையில்.

ஆட்டமும் அப்போதுதான் புது வேகம் பெற்றிருந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுவட்டத்துக்குக் கொண்டுபோய், நடுவர் மேலே எறிய, இருவர் எம்பித் தட்டி மறுபடி தொடங்க வேண்டும். 1937-38 பருவத்தில் அந்த விதி போனது. கூடை வாங்கிய அணி உடனே பந்தை எடுத்துக்கொண்டு ஓடலாம். மூச்சு வாங்க நேரமில்லை.

முதல் போட்டியில் எட்டு அணிகள். கிழக்குப் பகுதி ஆட்டங்கள் பிலடெல்பியாவில். மேற்குப் பகுதி ஆட்டங்கள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் செயற்கையாக எழுப்பப்பட்ட ட்ரெஷர் தீவில். உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த அதே தீவு. கிழக்கில் வேக் ஃபாரஸ்ட், வில்லனோவா அணிகளை வென்று ஓல்சனின் பிள்ளைகளே இறுதிக்கு வந்தார்கள். மேற்கில் டெக்சாஸையும் ஓக்லஹாமாவையும் வீழ்த்தி வந்தது ஆரிகன் பல்கலைக்கழகம்.

ஹோவர்ட் ஹாப்சன் பயிற்சி தந்த ஆரிகன் அணிக்கு 'உயர்ந்த ஃபிர் மரங்கள்' என்று பட்டப்பெயர். அந்த மாநிலக் காடுகளில் வானைத் தொட நிற்கும் மரங்களின் பெயர். நடு ஆட்டக்காரர் ஸ்லிம் வின்டர்மியூட் 6 அடி 8 அங்குலம். முன்னணியில் லாடி கேல், ஜான் டிக் இருவருமே ஆறே கால் அடிக்கு மேல். ஆனால் பந்தை ஓட்டிச் சென்றது, அவர்களோடு நின்றால் குட்டையாகத் தெரியும் இருவர்: தலைவர் பாபி ஆனெட், வாலி ஜோஹான்சன். இருவரும் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள அஸ்டோரியா என்னும் மீன்பிடி ஊரின் பிள்ளைகள்.

1939 மார்ச் 27. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டன் நகரில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் பாட்டன் உடற்பயிற்சிக் கூடம். வந்தவர்கள் சுமார் 5,500 பேர். வெளியே போகும் பந்தைப் பிடிக்க ஆனெட் பாய்ந்தார். போன வேகத்தில் ஓரத்து மேசையில் மோதினார். மேசைமேல் இருந்ததோ வெற்றிக் கோப்பை. அதன் உச்சியில் நின்ற சிறு ஆட்டக்காரர் உருவம் ஒடிந்து தனியே வந்துவிட்டது. 46-33 என்று ஆரிகன் வென்றது. ஜான் டிக் 15 புள்ளிகள். பரிசளிப்பின்போது, தான் உடைத்த கோப்பையைத் தானே இரண்டு துண்டாக வாங்கிக்கொண்டார் ஆனெட். சிறந்த ஆட்டக்காரர் பட்டம் தோற்ற அணியின் ஜிம்மி ஹல்லுக்குப் போனது.

ஓல்சனை அன்று ஆட்டமும் கைவிட்டது. பிறகு கணக்கும் கையைக் கடித்தது. அந்தக் கடனைச் சங்கத்தால் தாங்க முடியவில்லை. என்.சி.ஏ.ஏ. கடனை ஏற்றுக்கொண்டு, போட்டியையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 1940இல் இறுதி ஆட்டம் கான்சாஸ் சிட்டிக்கு மாறியது. கான்சாஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஃபாக் ஆலன் முன்னின்று ஏற்பாடு செய்தார். அரங்கம் நிரம்பியது, லாபம் வந்தது. அவருடைய அணி மட்டும் இந்தியானாவிடம் 42-60 என்று தோற்றது. முதல் இரண்டு ஆண்டும் பந்தி விரித்தவருக்கு இலை கிடைக்கவில்லை.

பிறகு வளர்ச்சிதான். 1951இல் 16 அணிகள், 1985இல் 64, 2011இல் 68. 1966இல் ஐந்து கறுப்பின வீரர்களைத் தொடக்க ஆட்டக்காரர்களாக இறக்கிய டெக்சாஸ் வெஸ்டர்ன், கென்டக்கியை 72-65 என்று வென்றது இந்தப் போட்டியில்தான். ஜான் வுடன் பயிற்சியில் யு.சி.எல்.ஏ. 1964க்கும் 1975க்கும் இடையில் பத்துப் பட்டங்களைக் குவித்ததும் இதில்தான்.

முதல் இறுதி ஆட்டம் நடந்த பாட்டன் கூடம் அடுத்த ஆண்டே இடிக்கப்பட்டது. போட்டி நிலைத்துவிட்டது. வசூல் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலர் விளம்பரத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் போட்டிக் குழுச் செயலாளர்கள், இந்த ஆண்டும் துண்டு விழுந்தால், கணக்கை மூடுமுன் ஓல்சனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.