மகரந்த அலர்ஜி இருக்கும் குழந்தைக்கு வேர்க்கடலையும் ஆகாதா? டெஸ்ட் சொல்வது என்ன?

ஓசூர் மூக்கண்டப்பள்ளி போன்ற இடங்களில் காலி மனைகளில் வளரும் பார்த்தீனியம், புல் மகரந்தத்தால் சில குழந்தைகளுக்குத் தும்மல், மூக்கடைப்பு வரும். இவர்களுக்கு அலர்ஜி டெஸ்ட் எடுத்தால், வேர்க்கடலைக்கும் 'பாசிட்டிவ்' காட்டலாம். உடனே கடலை மிட்டாயை நிறுத்தணுமா? அவசியமில்லை.

காரணம் என்ன?
மகரந்தத்திலும் கடலையிலும் சில புரதங்கள் ஒரே சாயலில் இருக்கும். மகரந்தத்தை எதிர்த்து உடலில் உருவான ஐஜிஇ, கடலைப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும். டெஸ்ட் காட்டுவது அதைத்தான். பிரச்சினையே இல்லாமல் கடலை சாப்பிடும் குழந்தைக்குப் பெரும்பாலும் கடலை அலர்ஜி இருக்காது.

எப்படி உறுதி செய்வது?
சாப்பிட்டபோது என்ன ஆனது என்று டாக்டர் முதலில் கேட்பார். அடுத்து 'அரா ஹெச் 2' ரத்தப் பரிசோதனை. இது பாசிட்டிவ் என்றால் உண்மையான கடலை அலர்ஜிக்கு வாய்ப்பு அதிகம். அப்பவும் சந்தேகம் என்றால், மருத்துவமனையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

கடலை சாப்பிட்டதும் மூச்சுத்திணறினால், உடனே 108-ஐ அழையுங்கள்.