குடியை நிறுத்திய எலிகள்

பல வருடம் குடித்த ஒருவர் திடீரென்று குடியை நிறுத்துகிறார். மறுநாளே கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் போய்விடுகிறது. சிலருக்கு வலிப்பு வருகிறது. இரண்டு மூன்று நாளில் சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிகின்றன. உயிரே போவதும் உண்டு. இந்த நிலைக்கு 1813-ல் 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்று பெயர் வைத்தவர் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் காரணம்? குடித்ததால் வருகிறதா, நிறுத்தியதால் வருகிறதா, அல்லது சரியாகச் சாப்பிடாததால் வருகிறதா? இதற்கு உறுதியான விடை கிடைக்க ஏறக்குறைய 140 ஆண்டுகள் ஆயின!

விடை வந்த இடம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லெக்சிங்டன். போதை அடிமைகளுக்காக 1935-ல் அங்கே ஒரு மத்திய அரசு மருத்துவமனை திறக்கப்பட்டது. பாதி மருத்துவமனை, பாதி சிறை. அங்கே ஹாரிஸ் இஸ்பெல் என்ற மருத்துவர் 10 பேருக்கு நல்ல சாப்பாடும் வைட்டமினும் கொடுத்து, கூடவே தினமும் மதுவும் கொடுத்தார். அவர்களில் ஆறு பேர் 48 முதல் 87 நாள் வரை குடித்தார்கள். நிறுத்தியதும் இரண்டு பேருக்கு வலிப்பு வந்தது, மூன்று பேருக்குப் புத்தி தடுமாறியது. 1955-ல் வெளியான இந்த ஆய்வு, சத்துக் குறைவு காரணமல்ல, நிறுத்தியதுதான் காரணம் என்று காட்டியது.

ஆனால் கைதிகளுக்கு வலிப்பு வரும்வரை மது கொடுத்துப் பார்ப்பது சரியா? இஸ்பெல் இதே இடத்தில் கைதிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்தும் சோதித்தார். அதற்கு சி.ஐ.ஏ. பணம் கொடுத்தது 1970-களில் வெளிச்சத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட சோதனையை மனிதர்கள் மேல் திரும்பச் செய்ய முடியாது. அந்த இடத்துக்கு எலிகள் வந்தன.

அதிலும் ஒரு சிக்கல். எலி தானாக அவ்வளவு குடிக்காது, குடித்தாலும் அதன் உடல் மதுவை வேகமாக எரித்துவிடும். 1971-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டோரா கோல்ட்ஸ்டீன் இதற்கு வழி கண்டார். சுண்டெலிகளை மது ஆவி நிறைந்த பெட்டியில் வைத்தார். மது உடலில் சிதையாமல் இருக்க பைரசோல் என்ற ஊசியும் போட்டார். மூன்றே நாள் போதும். வெளியே எடுத்து, சில மணி நேரம் கழித்து வாலைப் பிடித்துத் தூக்கினால் வலிப்பு வந்தது. அதன் கடுமைக்கு மதிப்பெண் போட்டார். இனி எந்த மருந்து வலிப்பைக் குறைக்கிறது என்று எண்ணால் ஒப்பிடலாம்!

சிகிச்சைக்கு மருந்து ஏற்கனவே இருந்தது. 1960-ல் விற்பனைக்கு வந்த லிப்ரியம், வலிப்பையும் டெலிரியத்தையும் தடுப்பதில் மற்ற மருந்துகளை முந்தியது என்று 1969-ல் அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 537 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. ஆனால் அந்த வகை மருந்துக்கே அடிமையாகிற ஆபத்து உண்டு. குடிப்பவர்கள் பலருக்கு மனச்சோர்வும் இருக்கும். அப்படியானால் மனச்சோர்வு மருந்தே இதற்கு உதவுமா?

2004-ல் துருக்கியின் அங்காராவில் தய்ஃபுன் உஸ்பாய் குழுவினர் இதைச் சோதித்தார்கள். எலிகளுக்கு மது கலந்த திரவ உணவு மட்டுமே கொடுத்து, பிறகு நிறுத்தி, ஃப்ளூவாக்ஸெட்டின் ஊசி போட்டார்கள். படபடப்பு, நடுக்கம் போன்ற சில அறிகுறிகள் குறைந்தன. மது தராத எலிகளுக்கும் மருந்து கொடுத்துப் பார்ப்பது இத்தகைய ஆய்வுகளில் முக்கியம். மருந்து எலியை வெறுமனே மந்தமாக்கிவிட்டதா என்பது அப்போதுதான் தெரியும்.

ஆனாலும் எலியில் கிடைத்த பலன் மனிதருக்கான சிகிச்சையாக மாறவில்லை. லிப்ரியம் வகை மருந்துகளே இன்றும் முதல் சிகிச்சை. மனச்சோர்வு மருந்துகள் எல்லாம் ஒன்றும் அல்ல. புப்ரோபியான் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால், குடியைத் திடீரென நிறுத்துபவருக்கு அதைத் தரக்கூடாது.

குடியை விட்டவரின் கை நடுங்கினால் "நடிக்கிறான்" என்று சொல்பவர்கள் உண்டு. எலிக்கு நடிக்கத் தெரியாது. அதற்கும் அதே நடுக்கம்தான் வந்தது. நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்தால், வீட்டில் பூட்டி வைப்பதைவிட மருத்துவரிடம் அழைத்துப் போவதே அவர் உயிருக்குப் பாதுகாப்பு.